இறுகிப்போன கியர்

சைக்கிள் என்றால் மிதிக்கிறவர் சொன்னதைக் கேட்க வேண்டும். தணிகாசலத்தின் சைக்கிள் கேட்காது. ஐந்து கியர் வைத்த பிரெஞ்சு சைக்கிள் என்று முத்தியால்பேட்டையே வாயைப் பிளந்து பார்த்த வண்டிதான். ஆனால் இந்த இரண்டு மாதமாக அதற்கு ஒரே ஒரு கியர். அதுவும் இருப்பதிலேயே கனமான கியர். சமதரையில் மிதித்தாலே தொடை கடுத்தது. எதிர்க்காற்று என்றால் கேட்கவே வேண்டாம். அரியாங்குப்பத்துப் பாலம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷன், விடிந்தும் விடியாத நேரத்தில், மீன்கூடைக்காரிகள் பார்க்கப் பார்க்கத் தள்ள வேண்டும்.

ஒருநாள் ஒரு கூடைக்காரிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தள்ளிக்கொண்டு போவதற்குப் பதில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டால் சீக்கிரம் போய்ச் சேரலாமே என்று கேட்டுவிட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தணிகாசலத்துக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார்.

காலமெல்லாம் மில்லில் தறி ஓட்டியவர். மில்லை இழுத்துப் பூட்டிய பிறகு எங்கெங்கோ அலைந்து, கடைசியில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. வீடு ஊரின் வடக்குக் கோடி, வேலை ஊரையும் தாண்டித் தெற்கே. நடுவில் முழுப் புதுச்சேரியும் கிடக்கிறது. மீன் வண்டிகள் வருவதற்கு முன்னால் ஐஸ் பாளங்களை வெளியே எடுத்து அடுக்கியாக வேண்டும். அந்த நேரத்துக்கு முதல் பஸ்கூட எழுந்திருக்காது. மாலையில் விரலெல்லாம் மரத்து, முழங்கால் வீங்கி, காந்தி வீதி நெடுக ஊர்ந்து ஊர்ந்து திரும்புவார். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் மறுநாள் கிளம்ப வேண்டும் என்ற நினைப்பே பாதித் தூக்கத்தைத் தின்றுவிடும்.

கம்பெனி முதலாளி பலராமன் கெட்டவர் இல்லை. தணிகாசலம் தாமதமாக வந்த நாட்களில் எல்லாம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். வண்டிக்காரர்கள் காத்து நின்று சத்தம் போட ஆரம்பித்ததும்தான் கூப்பிட்டுப் பேசினார்.

"இன்னாத்துக்கு இந்தப் பாடு? மிஷினுக்குப் பின்னால ஒரு ரூமு சும்மாதான் கெடக்குது. கட்டில் போட்டுத் தரேன், இங்கயே தங்கிக்க. லீவு நாள்ல வூட்டுக்குப் போயிட்டு வா."

சனிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லச் சொன்னார். தங்க முடியாது, தாமதமாகத்தான் வருவேன் என்றால் காலை வேலைக்கு அவர் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

கட்டில் தருகிறேன் என்று முதலாளி சொன்னால் சந்தோஷப்பட வேண்டியதுதான். தணிகாசலத்துக்கு வந்தது பயம். சரி என்று சொல்லிவிட அவருக்கே ஆசையாக இருந்தது. அந்த ஆசையைப் பார்த்துத்தான் பயம். வீட்டுக்குப் போய் என்ன ஆகப்போகிறது? அந்த வீட்டில் இருப்பது அவரும் மனைவி அஞ்சலாட்சியும், இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஐஸ் கம்பெனியில் போய்ப் படுத்துக்கொண்டால் முதலில் வாரத்துக்கு ஒருமுறை வருவார். அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை. அப்புறம் தீபாவளி, பொங்கல். சண்டை இல்லை, பஞ்சாயத்து இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குடும்பம் முடிந்துபோய்விடும். அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனிக்குக் கரண்ட் கிடையாது, அதனால் வேலையும் கிடையாது. இந்த வெள்ளிக்கிழமை அந்தக் கியரைக் கழற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். சரியானால் தினமும் வீட்டுக்கு வருவது. சரியாகாவிட்டால் சனிக்கிழமை பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவது. இத்தனை வருஷத்துக் குடும்பத்தைக் கொண்டுபோய் ஒரு திருகாணியில் மாட்டிவைத்தார் மனுஷன்.

பேச்சு நின்ற கதையைச் சொல்ல வேண்டும். அதற்கும் காரணம் இந்தச் சைக்கிள்தான்.

அவர்களுக்கு ஒரே பெண், அமிர்தவல்லி. அவளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்தவர் ஜானகிராமன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்து, சைகோனெல்லாம் பார்த்து, பிரான்ஸ் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மகனுக்குப் பிரெஞ்சு நேஷனாலித்தே, அதாவது குடியுரிமை; வேலையும் பிரான்சில். கல்யாணம் முடிந்தால் பெண் அங்கே போய்விடுவாள். அஞ்சலாட்சி வேண்டாம் என்றாள். ஒற்றைப் பெண்ணை ஏழு கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு யார் முகத்தைப் பார்ப்பது என்று அழுதாள். தணிகாசலம் கேட்கவில்லை. மில் எப்போது மூடும் என்று தெரியாத காலம். பெண்ணாவது நன்றாக இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்.

கல்யாணத்தன்று சம்பந்தி ஜானகிராமன் அந்தச் சைக்கிளைக் கொண்டுவந்து பந்தல் வாசலில் நிறுத்தினார். பிரான்சிலிருந்து பெட்டிக்குள் பாகம் பாகமாக வந்த வண்டி. "இதுல அஞ்சு வித்தெஸ் இருக்குது சம்பந்தி," என்றார். அவர் வாயில் கியருக்கு அதுதான் பெயர். முன்பக்கத்திலிருந்து பெடலுக்குச் சாய்வாக இறங்கும் குழாயின் வலப்பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பிடி. மிதித்துக்கொண்டே அதைப் பின்னால் இழுத்தால் கம்பி இழுபட்டு, பின்சக்கரத்தில் சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும், மிதி லேசாகும். முன்னால் தள்ளினால் சின்னதுக்கு இறங்கும், கனக்கும், வேகம் போகும். தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்ணைப் பெற்றவர் என்பதையே மறந்து, தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பழைய சைக்கிளை அன்றைக்கே தம்பியிடம் கொடுத்துவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அஞ்சலாட்சி அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணை விமானம் ஏற்றிவிட மீனம்பாக்கம் போன அன்றுதான் சொன்னாள். அமிர்தவல்லி கண்ணாடிக் கதவுக்குள் போய் மறைந்த மறுநிமிஷம், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு சைக்கிளுக்கு எம் பொண்ண வித்துட்டல்ல நீ."

வாங்க, போங்க என்பதைத் தவிர வேறு பேசியறியாதவள். அந்த 'நீ' ஒரு பக்கம் சுட்டது. வார்த்தை இன்னொரு பக்கம் சுட்டது. பொய்யாக இருந்தால் துடைத்துப் போட்டிருப்பார். வண்டிமேல் அவர் ஆசைப்பட்டது ஊரறிந்த விஷயம்; அந்தக் கொஞ்சம் உண்மைதான் ஆறவே இல்லை. அன்று மூடிய வாய் அவளிடம் திறக்கவில்லை. அவளும் கெஞ்சுகிற ரகம் இல்லை.

அதற்காக வீட்டில் சத்தமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாப் பேச்சும் பூனை வழியாக நடந்தது. "சோறு ஆயிடுச்சி, திங்கறவங்க திங்கலாம்" என்று அஞ்சலாட்சி பூனையிடம் சொல்வாள். சட்டை கிழிந்துவிட்டது என்று தணிகாசலம் பூனையிடம் முறையிடுவார். மறுநாள் தையல் போட்ட சட்டை கொடியில் கிடக்கும். பெண்ணிடமிருந்து நல்ல சேதிதான் வந்துகொண்டிருந்தது. குழந்தை பிறந்திருந்தது, மருமகன் தங்கமானவர். அந்தச் சந்தோஷத்தையும் இரண்டு பேரும் தனித்தனியாகப் பூனைக்குத்தான் சொன்னார்கள். அந்தப் பூனைக்கு வாய் இருந்தால் வீட்டை விட்டே ஓடியிருக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கியர்ப் பிடி மெல்ல மெல்ல இறுக ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அப்புறம் இரண்டு விரலால் வராமல் முழுக் கையால் இழுக்க வேண்டியிருந்தது. பிடியைத் தொட்ட விரலில் சில நாட்களில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. கடற்காற்று ஊரில் இரும்பு துருப்பிடிக்காமல் என்ன செய்யும் என்று துடைத்துவிட்டுப் போனார். துருவுக்கு எண்ணெய்தானே மருந்து? தலைக்குத் தடவுகிற தேங்காயெண்ணெயை ஞாயிற்றுக்கிழமைதோறும் கொண்டுவந்து அந்தப் பிடியின் அடியில் ஊற்றினார். மில்லில் எண்ணெய் போடுவதற்கென்று தனி ஆள் உண்டு. தறிக்காரன் எண்ணெய் டப்பாவைத் தொட்டால் மேஸ்திரி கத்துவார். எந்த இடத்துக்கு எந்த எண்ணெய் என்று அவருக்கு யார் சொல்லித்தந்தார்கள்? ஊற்ற ஊற்ற இறுகியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி, ஒருநாள் காலை, பிடி முன்னால் தள்ளிய இடத்திலேயே நின்றுவிட்டது. கல்லால் தட்டினார். பிடி லேசாக வளைந்ததுதான் மிச்சம்.

வண்டியை விற்றுவிட்டு வேறு சாதாரண சைக்கிள் வாங்கலாமே என்று கேட்கலாம். தெருவில் எல்லோரும் கேட்டார்கள். அதை விற்றால் அவள் சொன்னது மெய்யென்று இவரே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

வியாழக்கிழமை மாலை, வீட்டுக்கு வருகிற வழியில் வேம்புவின் சைக்கிள் கடையில் நிறுத்தினார். வேம்பு குனிந்து, நிமிர்ந்து, பிடியைச் சுண்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். பிரான்சுச் சாமான், கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியாது, பாவத்தைச் சுமக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆனால் ஒரு திருப்புளியைக் கையில் கொடுத்து ஒரு யோசனையும் சொன்னான். தட்டக் கூடாது. நடுத் திருகாணியைக் கழற்றினால் உள்ளே வட்ட வட்டமாக வில்லைகள் வரும். வந்த வரிசையிலேயே ஒரு துணியில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, அதே வரிசையில் போட வேண்டும். தேங்காயெண்ணெய் ஊற்றிய விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் பிடி வில்லைகளோடு உரசி நின்றால்தான் வைத்த இடத்தில் நிற்குமாம். எண்ணெய் அதற்கு எதிரியாம்.

வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் தணிகாசலம் விடிந்த பிறகும் படுத்திருப்பார். அன்றும் படுத்திருந்தார். அரைத் தூக்கத்தில் சந்தனக்கல்லில் கட்டை உரசுகிற சத்தம் கேட்டது. எந்த வெள்ளிக்கிழமையும் கேட்கிற சத்தம்தான். அஞ்சலாட்சி குளித்து முழுகி விளக்கேற்றி, நிலைவாசலுக்கும் அம்மிக்கும் அரிசிப் பானைக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போவாள். தாழ்வாரத்தில் வளையல் சத்தம் போய் வந்தது. அவர் புரண்டு படுத்துக்கொண்டார். இனி இந்தச் சத்தத்தை எத்தனை வெள்ளிக்கிழமை கேட்கப்போகிறோம் என்று நினைத்தார். எழுந்து உட்கார்ந்தார். உடம்பு கனத்தது.

தாழ்வாரத்தில் சைக்கிள் எப்போதும் வலப்பக்கம் சுவரில் சாய்ந்து நிற்கும். அதைக் கொல்லைக்குத் தள்ளிப்போய்க் குழாயடியில் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு பழைய துண்டை விரித்து, அலுமினியக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தார். சமையலறை ஜன்னல் வழியாக எல்லாம் தெரியும். உள்ளே பாத்திரச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மறுபடி ஆரம்பித்தது. "எதையோ கழட்றாங்க போலருக்குது" என்று அஞ்சலாட்சி பூனையிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. எப்போதும் சொல்கிற மாதிரி இல்லை. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

திருகாணி சுலபத்தில் வரவில்லை. முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து, மூச்சு வாங்கித் திருப்பினார். வந்தது. வேம்பு சொன்ன வில்லைகள் தனித்தனியாக வரவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக வந்தன. கத்தி முனையை நுழைத்து நெம்பினார். பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்தது. துரு என்று நினைத்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். துரு இப்படியா வழவழவென்று இருக்கும்? மங்கல் மஞ்சளாக ஒரு படை, அதன்மேல் சிவப்பாக ஒரு படை, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. வில்லைக்கும் பிடிக்கும் நடுவே சந்து பொந்தெல்லாம் இறங்கி, எண்ணெயில் ஊறி, சாந்து பூசினாற்போல் கெட்டிப்பட்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, வட்ட மூடியின்மேல், ஒரு படை மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

தணிகாசலத்துக்கு உடனே புரியவில்லை. களைத்துப்போன மூளை, மெதுவாகத்தான் ஓடியது. ஆயுத பூஜைக்கு வைத்ததாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். ஆயுத பூஜை முடிந்து எத்தனையோ மாதம் ஆகிறது. அது எப்படி ஈரமாக இருக்கும்? காலையில் கேட்ட கல் உரசும் சத்தம் நினைவுக்கு வந்தது. தாழ்வாரத்தில் போய் வந்த வளையல் சத்தம் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு நாள்தான் அவர் விடிந்தும் தூங்குவார். சுவரோடு ஒட்டி நிற்கிற பக்கம்தான் அவர் கண்ணில் படாது. மறுநாள் இருட்டில் கிளம்பி, பிடியைத் தொட்டுத் தொட்டு அவரே அதைக் கலைத்துவிடுவார். சட்டத்துக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், விரலால் தடவித் தடவி அந்த வட்ட மூடியில் வைத்திருக்கிறாள். எத்தனை வெள்ளிக்கிழமைகள் என்று அந்தப் படைகளைத்தான் கேட்க வேண்டும்.

எந்தச் சைக்கிளுக்காகப் பெண்ணை விற்றாய் என்று கேட்டாளோ, அந்தச் சைக்கிளுக்கு. அவள் வெள்ளிக்கிழமை வைக்க, இவர் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் ஊற்றி அதை உள்ளே இறக்கியிருக்கிறார். அவர் களைத்துத் தாமதமாக வர வர, அவள் பயந்து இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்திருப்பாள். பாலத்தில் அவரை இறக்கித் தள்ளவிட்டது இதுதான். நல்ல கூத்து. சிரிப்பு வரும் என்று பார்த்தார். அழுகைதான் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வேலையைப் பார்த்தார். வில்லைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மண்ணெண்ணெயில் போட்டார். கிண்ணம் மெல்லச் சிவந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துண்டில் வரிசையாக அடுக்கி, வெயிலில் உலரவிட்டார். வளைந்த பிடியைக் கல்லில் வைத்துச் சமமாக்கினார். கம்பியைத் துணியால் இழுத்துத் துடைத்தார். வேம்பு சொன்ன வரிசை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, சொட்டு எண்ணெய்கூட விடாமல் திருகாணியை முடுக்கினார். பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே பிடியைப் பின்னால் இழுத்தார். கடக்கென்று சங்கிலி அடுத்த பல்சக்கரத்துக்கு ஏறியது. இன்னும் இழுத்தார். இன்னும் ஏறியது. ஐந்தும் ஏறி ஐந்தும் இறங்கின.

நிமிர்ந்தபோது அஞ்சலாட்சி கொல்லைப்புற வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கொடித் துணியை எடுக்க வந்தவள் மாதிரி வந்து, துணியை எடுக்காமல் நின்றாள். அவள் கண் கிண்ணத்தில் இருந்த சிவந்த மண்ணெண்ணெயில் இருந்தது. பூனை அவள் காலைச் சுற்றியது. அவள் அதனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தணிகாசலம் வாயைத் திறந்தார். முதலில் காற்றுத்தான் வந்தது. 

"அஞ்சலாட்சி, பொட்டு வெக்கறதா இருந்தா ஹேண்டில்ல இருக்கற மணி மேல வையி. இங்க வெச்சா உள்ள எறங்கிப் புடிச்சிக்குது."

அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். 

"மணி மேல வெச்சா நீங்க பாத்துடுவீங்க."

"பாத்தா இன்னா?"

"அந்தப் பேச்சுப் பேசினவ, இப்பப் பொட்டு வெக்க வந்துட்டாளான்னு நெனைப்பீங்க." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த வண்டியிலதான நீங்க போறீங்க, வரீங்க. வேற எதுக்கு வெப்பேன்?"

அவர் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"வண்டி மேல ஆசப்பட்டது நெசந்தான். அதுக்காகப் பொண்ணக் குடுக்கல."

"தெரியும்."

"தெரிஞ்சேவா சொன்ன?"

"புள்ள போயிட்டாளே. யாரையாவது சொல்லணும்போல இருந்திச்சி. வேற யாரு இருக்காங்க எனக்கு?"

 பேசிப் பேசித் தீர்க்கிற வயசும் இல்லை, தெம்பும் இல்லை. அவர் குழாயடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் படியில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாள் முதுகில் ஏதோ மூட்டையைச் சுமந்துகொண்டே சைக்கிள் மிதித்ததாக அவருக்குத் தோன்றியது. மூட்டை இறங்கிவிட்டது, வலி இன்னும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, சோறு ஆகிவிட்டது, கை கழுவிக்கொண்டு வாங்க என்றாள். அவரைப் பார்த்தே சொன்னாள். ஐஸ் கம்பெனிக் கட்டிலைப் பற்றிச் சாப்பிடும்போது சொன்னார். அவள் குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். நாளைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்ன பிறகுதான் கரண்டி மறுபடி சாய்ந்தது.

மாலையில் விளக்கேற்றிய பிறகு அஞ்சலாட்சி சந்தனக் கிண்ணத்தோடு தாழ்வாரத்துக்கு வந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒளிக்காமல், மணியின் உச்சியில் சந்தனத்தை வைத்து அதன்மேல் குங்குமத்தை வைத்தாள். வட்டமாக, அழகாக வைத்தாள். கண்ணால் பார்த்து வைத்தால் அவள் கைக்குப் பொட்டு வைக்கத் தெரியாதா என்ன?

சனிக்கிழமை விடிவதற்கு முன் தணிகாசலம் கிளம்பினார். முழங்கால் வலி அப்படியேதான் இருந்தது. ஒருநாளில் போகிற வலியா அது? மிஷன் வீதியில் நடுரோட்டில் ஒரு மாடு படுத்திருந்தது. கட்டை விரல் மணிக்குப் போனது. பொட்டு கண்ணில் பட்டது. காய்ந்த குங்குமம், அடித்தால் அதிர்ந்து உதிரும். விரலை எடுத்துக்கொண்டு மாட்டைச் சுற்றி வளைந்து போனார். முதலியார்பேட்டையில் பால்காரர் குறுக்கே வந்தார். "ஓரம், ஓரம்" என்று வாயால் கத்தினார். முருங்கப்பாக்கம் தாண்டியதும் எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. பிடியைப் பின்னால் இழுத்தார். சங்கிலி ஏறியது, மிதி லேசானது.

பாலத்து ஏற்றத்தில் கூடைக்காரிகள் வழியை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கவில்லை. மூச்சு வாங்கினாலும் மிதித்துக்கொண்டே பின்னால் போய், வழி விடச் சொல்லிக் கத்தினார். அன்றைக்குக் கேலி பண்ணினாளே, அதே கூடைக்காரி திடுக்கிட்டு ஒதுங்கினாள்.

"இம்மாம் பெரிய வண்டியில ஒரு மணி இல்லியா?" என்று கேட்டாள்.

"இருக்குது," என்றார் தணிகாசலம். அடிக்காமலே பாலத்தில் ஏறினார்.